விற்றமின் டி குறைவும் உடற்பருமனும்: நடை எதைச் சரிசெய்யும், எதைச் சரிசெய்யாது

விடிய ஐந்தரைக்கு வெள்ளவத்தை மரைன் டிரைவிலும் காலிமுகத்திடலிலும் சுதந்திர சதுக்கத்திலும் நடக்கிறவர்களில் பலருக்கு, இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எழும் கேள்வி ஒன்றுதான்: "நாள் தவறாமல் வெளியிலதானே நடக்கிறன், பிறகேன் விற்றமின் டி 14 எண்டு வந்திருக்கு?" கேட்பவருக்குக் கொஞ்சம் வண்டியும் வைத்திருந்தால், இவ்வளவு காலம் நடந்ததெல்லாம் வீண் என்ற முடிவுக்கு அவர் சீக்கிரமே வந்துவிடுகிறார். அது வீண் இல்லை. நடை, வெயில், உடல் நிறை, குளிசை என்ற நான்கும் விற்றமின் டியை நான்கு விதமாகத் தொடுகின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் அந்த 14 ஏன் வந்தது, எதைச் செய்தால் எவ்வளவு ஏறும் என்பது பிடிபடும்.

முதலில் அந்த எண்ணைப் பார்ப்போம். தோலில் 7-டிஹைட்ரோகொலஸ்ட்ரோல் என்றொரு பொருள் இருக்கிறது. சூரிய ஒளியின் யூவிபி கதிர் பட்டதும் அது விற்றமின் டி3 ஆகிறது. சாப்பாட்டிலும் குளிசையிலும் இருந்து வருவது அதனுடன் சேர்கிறது. ஈரல் இதை 25-ஹைட்ரொக்சி விற்றமின் டியாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. ரிப்போர்ட்டில் இருப்பது இந்த வடிவத்தின் அளவு. அதாவது உங்கள் கையிருப்பு. சிறுநீரகம் இதிலிருந்து தேவையான அளவை மட்டும் எடுத்து, 1,25-டைஹைட்ரொக்சி விற்றமின் டி என்ற செயல்வடிவத்தை உண்டாக்குகிறது. குடலில் கல்சியத்தை உறிஞ்ச வைப்பது இந்தச் செயல்வடிவம்தான். கையிருப்பும் செயல்வடிவமும் எப்போதும் ஒன்றாக ஏறி இறங்குவதில்லை. உடற்பயிற்சியின் பலன் எங்கே தெரிகிறது என்று பார்க்கும்போது இந்த வேறுபாடு முக்கியமாகிவிடும்.

சில ஆய்வுகூடங்கள் ஒரு மில்லிலீற்றருக்கு இத்தனை நானோகிராம் என்று எழுதும், சில ஒரு லீற்றருக்கு இத்தனை நானோமோல் என்று எழுதும். நானோகிராம் எண்ணை 2.5ஆல் பெருக்கினால் நானோமோல் வரும். போன முறை 18, இந்த முறை 40 என்று சந்தோஷப்படுவதற்கு முன் அலகைப் பாருங்கள். 40 நானோமோல் என்றால் அது வெறும் 16 நானோகிராம். தொடக்கத்தில் சொன்ன 14உம் இனி இந்தப் பதிவில் வருவதெல்லாமும் நானோகிராம் கணக்கு. அமெரிக்க மருத்துவக் கழகம் 2011இல் சொன்னபடி 20 இருந்தால் பெரும்பாலானோரின் எலும்புக்குப் போதும், 12க்குக் கீழே போனால் குறைபாடு. அதே ஆண்டில் அங்குள்ள நாளமில்லாச் சுரப்பியியல் வைத்தியர்களின் சங்கம் 30 வேண்டும் என்றது. 2024இல் வெளியிட்ட புதிய வழிகாட்டியில் அந்த 30ஐக் கைவிட்டுவிட்டது. ஆனால் பல ரிப்போர்ட்டுகளில் "30க்குக் கீழே போதாது" என்ற வரி இன்னும் அச்சாகிக்கொண்டே இருக்கிறது. 24 வந்தவர் பயந்து ஓட வேண்டியதில்லை. 9 வந்தவர் அசட்டையாக இருக்கக் கூடாது.

கொழுப்பு என்ன செய்கிறது

விற்றமின் டி கொழுப்பில் கரைவது. இரத்தத்தில் இருப்பதுபோலவே கொழுப்பிலும் தசையிலும் ஈரலிலும் பரவி நிற்கும். ஒரு கரண்டி சீனியை ஒரு கோப்பைத் தேத்தண்ணீரில் போட்டால் இனிக்கும். அதே கரண்டியை ஒரு பெரிய கேத்தலில் போட்டால் ருசியே தெரியாது. 60 கிலோ உடம்பிலும் 95 கிலோ உடம்பிலும் ஒரே அளவு விற்றமின் டி நுழைந்தால் நடப்பது ஏறக்குறைய இதுதான்.

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று இதை நேரடியாகவே காட்டியது. உடற்பருமன் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒரே அளவு யூவிபி கதிரில் நிற்க வைத்தார்கள். தோல் விற்றமினைத் தயாரிக்கும் திறனில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இரத்தத்தில் ஏறிய விற்றமின் டி3 உடற்பருமன் உள்ளவர்களில் 57 சதவீதம் குறைவாக இருந்தது. தயாரிப்பில் பிழை இல்லை. தயாரித்தது இரத்தத்துக்கு வராமல் கொழுப்புக்குள் பரவிவிட்டது. இதற்கு மேல், கொழுப்பு படிந்த ஈரலில் 25-ஹைட்ரொக்சி வடிவத்தைச் செய்யும் நொதிகளும் மந்தமாகலாம்.

இதில் எது காரணம், எது விளைவு என்பதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். விற்றமின் டி குறைவால்தான் உடம்பு வைக்கிறது, ஆகவே குளிசை போட்டால் மெலியலாம் என்று சொல்லி விற்கப்படும் பொருட்கள் உண்டு. மரபணுத் தரவுகளை வைத்து 2013இல் வெளியான பெரிய ஆய்வில், பிஎம்ஐ (உயரத்துக்கு நிறை எவ்வளவு என்று காட்டும் எண்) 10 சதவீதம் கூடினால் விற்றமின் டி ஏறக்குறைய 4 சதவீதம் குறைவதாகத் தெரிந்தது. விற்றமின் டி குறைவதால் பிஎம்ஐ கூடுகிறது என்பதற்கு அதில் தக்க சான்று கிடைக்கவில்லை. மெலிவதற்காக விற்றமின் டி வாங்குவது காசுக்குப் பிடித்த கேடு.

நம்மவர்களுக்கு இன்னொன்று. பிஎம்ஐ 25க்கு மேல்தான் அதிக நிறை என்ற கணக்கு ஐரோப்பிய உடம்புகளை வைத்து வந்தது. ஆசியர்களுக்கு 23இலேயே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கையும் காலும் மெல்லிசாக இருந்து வயிறு மட்டும் வைத்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர். ஆகவே தராசை மட்டும் நம்பாமல் ஒரு அளவு நாடாவை எடுங்கள். ஆண்களுக்கு இடுப்புச் சுற்று 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எல்லை. காற்சட்டைப் பட்டி போடும் இடத்தில் அளக்காதீர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை மெதுவாக வெளியே விட்ட பிறகு அளக்க வேண்டும்.

நிறை குறைந்தால் எவ்வளவு ஏறும்

ஏறும், ஆனால் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாக. அமெரிக்காவின் சியாட்டிலில் மாதவிடாய் நின்ற, அதிக நிறையுள்ள பெண்களிடம் ஒரு வருடம் நடந்த ஆய்வு 2011இல் வெளியானது. நிறையில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தவர்களுக்கு விற்றமின் டி 3 நானோகிராம்கூட ஏறவில்லை. 15 சதவீதத்துக்கு மேல் குறைத்தவர்களுக்கு ஏறக்குறைய 8 ஏறியது. 80 கிலோ உள்ள ஒருவருக்கு இதைப் பொருத்திப் பாருங்கள்: 4 கிலோ குறைத்தால் ரிப்போர்ட்டில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் இராது, 12 கிலோ குறைத்தால் தெரியும். 4 கிலோ குறைந்ததால் சீனியும் பிரஷரும் ஈரல் கொழுப்பும் நல்ல பக்கம் திரும்பியிருக்கும். அந்தப் பலனைக் காண விற்றமின் டி சரியான கண்ணாடி இல்லை.

நடை மட்டும் 12 கிலோவைக் குறைக்காது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 80 கிலோ உள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவது 150 கலோரிக்குக் கொஞ்சம் மேல். நடந்து முடித்து ஒரு மீன் ரோல்ஸும் சீனி போட்ட பால் தேத்தண்ணீரும் எடுத்தால் அந்தக் கணக்கு அங்கேயே தீர்ந்துவிடும். இலைக்கஞ்சி குடிக்கிறவர்கள் கருப்பட்டித் துண்டைப் பெரிதாக எடுக்காதவரை பரவாயில்லை.

நிறை குறையாவிட்டாலும் பயிற்சி செய்யும் வேலை

என் பார்வையில் இதுதான் இந்த விஷயத்தின் மையம், பலருக்கும் தெரியாமல் இருப்பதும் இதுதான்.

பயிற்சியால் விற்றமின் டி ஏறுகிறதா என்று பார்த்த பழைய ஆய்வுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. வெளியில் ஓடியவர்களுக்கு வெயிலும் பட்டது, ஜிம்மில் செய்தவர்களுக்கு நிறையும் குறைந்தது, பருவமும் மாறியது. எது எதனால் என்று பிரிக்க முடியவில்லை. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மற்றப் பல்கலைக்கழகங்களுடன் சேர்ந்து செய்து 2025இல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சிக்கலைத் திட்டமிட்டே பிரித்தது. அதிக நிறையோ உடற்பருமனோ உள்ள, உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாத 41 பேரை எடுத்தார்கள். அந்நாட்டில் ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரையான காலத்தில் வெயிலால் தோலில் விற்றமின் டி உண்டாவது மிகச் சொற்பம். அந்த மாதங்களில் 10 கிழமை, கிழமைக்கு 4 முறை கட்டடத்துக்குள்ளேயே பயிற்சி: ட்ரெட்மில்லில் இரண்டு நடை, நிலைச் சைக்கிளில் ஒரு நீண்ட சீரான ஓட்டம், இன்னொரு நாள் சைக்கிளில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கடும் பயிற்சி. பங்கேற்றவர்கள் நிறை குறையாமல் பார்த்துக்கொண்டார்கள். வெயிலும் இல்லை, மெலிவும் இல்லை, பயிற்சி மட்டும்தான்.

பயிற்சி செய்யாத தரப்பின் விற்றமின் டி ஏறக்குறைய 25 சதவீதம் இறங்கியது. பயிற்சி செய்தவர்களுக்கு ஏறக்குறைய 15 சதவீதம். இரு தரப்புக்கும் இறங்கியது என்பதைக் கவனியுங்கள். பயிற்சி எதையும் புதிதாக உற்பத்தி செய்யவில்லை, இருந்ததை மெதுவாகக் கரைய வைத்தது. 16 இருந்தவர் என்றால் ஒருவருக்கு 12, மற்றவருக்கு 13.6. இந்த வித்தியாசம் சிறியது. ஆனால் சிறுநீரகம் செய்யும் அந்தச் செயல்வடிவம் பயிற்சி செய்தவர்களில் குறையாமல் அப்படியே நின்றது, செய்யாதவர்களில் இறங்கியது. நாம் சாதாரணமாக எடுக்கும் ரிப்போர்ட்டில் இது வரவே வராது. நடை வீண் என்று நினைப்பவர் பார்க்காத இடம் இதுதான்.

ஏன் இப்படி? பயிற்சியின்போது அட்ரினலின் ஏறுகிறது, கொழுப்புத் திசுவுக்குப் போகும் இரத்தம் கூடுகிறது, கொழுப்பு உடைந்து இரத்தத்துக்கு வருகிறது. அதில் கரைந்து கிடக்கும் விற்றமினும் கூடவே வெளியே வர வழி உண்டாகிறது. தசையும் 25-ஹைட்ரொக்சி வடிவத்தை உள்ளே வாங்கி, வைத்திருந்து, திருப்பி விடக்கூடியது. அசையும் தசைக்கு இந்தத் திறன் கூடும் என்பது நியாயமான விளக்கம். ஈரலில் படிந்த கொழுப்பு குறைவதும் உதவலாம்.

இங்கிலாந்தின் மாரிகாலத்துக்கும் கொழும்புக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். அடுக்குமாடியிலிருந்து லிஃப்டில் இறங்கி, காருக்குள் ஏறி, நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் இறங்கி, ஏசி அறையில் மாலை வரை இருந்துவிட்டு இருட்டில் வீடு திரும்புகிறவருக்கு வருடம் முழுக்க அந்த மாரிகாலம்தான். வீட்டை விட்டு வெளியே வராத அம்மாமாருக்கும் அப்படியே. வெயில் கொட்டும் ஊரில் இருப்பது வேறு, வெயில் தோலில் படுவது வேறு.

கொழும்பு வெயில்: நிழலைப் பாருங்கள்

யூவிபி கதிர் வளிமண்டலத்தைக் கடக்கும்போது பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிடும். சூரியன் தாழ்வாக இருந்தால் கதிர் சாய்வாக, நீண்ட தூரம் கடந்து வரவேண்டியிருப்பதால் மிஞ்சுவது மிகக் கொஞ்சம். விடிய ஐந்தரையில் அறவே இல்லை. ஆறரை, ஏழு மணி இளவெயிலிலும் பேருக்குத்தான். "காலை இளவெயில்தான் விற்றமின் டிக்கு நல்லது" என்று தலைமுறையாகச் சொல்லப்படுவது தோலுக்கு இதமான அறிவுரை, ஆனால் விற்றமின் டிக்குப் பொருந்தாது. காலிமுகத்திடலில் மாலை ஐந்தரைக்கு நடப்பவருக்கும் இதே கதிதான்.

மணிக்கூட்டை விட நிழல் நம்பகமானது. சமதரையில் நிமிர்ந்து நில்லுங்கள், உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிட நீளமா என்று பாருங்கள். மரைன் டிரைவில் கடலைப் பார்த்து நின்றால் காலையில் நிழல் உங்களுக்கு முன்னால், ரெயில் பாதைப் பக்கமாக விழும். எட்டு மணிக்கு அது உங்களைவிட நல்ல நீளம். அது உங்கள் உயரத்துக்குச் சமமாகும் நேரம் மார்ச்சிலும் செப்ரெம்பரிலும் ஏறக்குறைய ஒன்பது, ஒன்பதேகால். டிசெம்பரில் பத்துக்குக் கிட்ட. அதற்குப் பிறகு நிழல் உங்களைவிடக் குட்டையாகும். அப்போதிருந்து பிற்பகல் இரண்டரை, மூன்று மணி வரை தோல் விற்றமின் டி தயாரிக்கக் கூடிய நேரம். கொழும்பு 6.9 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்ரெம்பர் தொடக்கத்திலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். வெயிலில் உள்ள புறஊதாக் கதிரின் பலத்தைக் காட்டும் யூவி சுட்டெண் 11ஐத் தாண்டுவதும் சாதாரணம். ஆகவே உச்சி வேளையைத் தேடிப் போக வேண்டாம். நிழல் குட்டையாகத் தொடங்கும் அந்த முதல் ஒரு மணி நேரமே போதுமானது.

எவ்வளவு நேரம்? கையும் முன்னங்காலும் திறந்திருக்க, கிழமையில் மூன்று நான்கு நாள், 15 முதல் 30 நிமிடம் நம் நிறத் தோலுக்கு ஒரு நடைமுறை அளவு. தோல் கறுக்கக் கறுக்க மெலனின் கதிரை மறிப்பதால் நேரம் கூட வேண்டும். தோல் எரிவு வரும் முன் நிழலுக்குள் வந்துவிட வேண்டும். கூட நின்றால் கூடக் கிடைக்கும் என்பதில்லை. ஓர் அளவுக்கு மேல் அதே கதிர் தோலில் உண்டான முன்பொருளை விற்றமின் டியாகப் போகவிடாமல், பயன்படாத லூமிஸ்டெரோல், டக்கிஸ்டெரோல் ஆகியவையாக மாற்றிவிடும். முகத்தைக் காட்டத் தேவையில்லை. மங்கு வரும் என்று பயப்படும் பெண்கள் தொப்பியோ குடையோ பிடித்து முகத்தை மறைத்துக்கொண்டு முழங்கைக்குக் கீழேயும் காலையும் காட்டினால் போதும். உடல் முழுக்க மூடி உடுப்பவர்கள் வெயிலை நம்பி இருக்க முடியாது. மொட்டை மாடியில் மறைவான இடம் இருந்தால் பாவிக்கலாம், இல்லாவிட்டால் குளிசைதான் நேர்வழி.

யன்னல் கண்ணாடி யூவிபியை ஏறக்குறைய முழுதாக மறிக்கும். காருக்குள் கைமேல் விழும் வெயிலில் சூடு உண்டு, கறுக்கவும் செய்யும். விற்றமின் டி இல்லை.

இதனால் நடையையும் வெயிலையும் வேறு வேறாக வைப்பதே கொழும்புக்குப் பொருத்தம். நடை விடிய அல்லது பொழுதுபட, சூடு குறைவான நேரத்தில். வெயில் பத்து மணியளவில் கந்தோருக்கு வெளியே ஒரு கால்மணி. இரண்டையும் ஒன்றாக்கப் பதினொரு மணி வெயிலில் வேகமாக நடக்கப் போவது பருமனானவர்களுக்கு ஆபத்து. இங்குள்ள ஈரப்பதனில் வியர்வை காயாது, உடம்பின் சூடு இறங்காது. தலைசுற்று, குமட்டல், குளிர்ந்த ஈரத்தோல் வந்தால் நடையை நிறுத்தி, நிழலில் இருந்து, தண்ணீர் குடித்து, கழுத்தையும் கையையும் நனைக்க வேண்டும்.

கிழமைக்கு 4 நாள்: எப்படித் தொடங்குவது

தொடக்கத்தில் 4 நாளும் 15 நிமிடம் போதும். ஒவ்வொரு கிழமையும் 5 நிமிடம் கூட்டினால் நான்காம் கிழமையில் 30 நிமிடம் வரும். முதல் 5 நிமிடம் மெதுவாக, பிறகு பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகத்தில். பாட முடிந்தால் அது உலாவல். கூட்டமாக நடப்பவர்கள் ஊர்க்கதையில் வேகத்தை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. கதைக்கு ஒரு நாள், பயிற்சிக்கு மூன்று நாள் என்று பிரித்துக்கொள்ளலாம். ஐந்தாம் கிழமையிலிருந்து ஒரு நாளை மட்டும் வேகம் மாற்றும் நாளாக்குங்கள்: 1 நிமிடம் மிக வேகம், 2 நிமிடம் மெதுவாக, இப்படி 6 முறை, பழகப் பழக 8 முறை. முழங்கால் நோகிறவர்கள் இதை நிலைச் சைக்கிளில் செய்யலாம். இருக்கையை, மிதி கீழே போகும்போது முழங்கால் சற்றே மடங்கி நிற்கும் உயரத்துக்கு ஏற்றவேண்டும். தாழ்வான இருக்கைதான் சைக்கிளில் முழங்கால் நோவுக்குப் பொதுவான காரணம்.

தசைக்கு 2 நாள். 45 சென்ரிமீற்றர் உயரக் கதிரையில் கையை மார்பில் கட்டிக்கொண்டு இருந்து எழும்புவது 10 முறை, ஒரு நிமிட ஓய்வு, திரும்ப 10. இறங்கும்போது மூன்று எண்ணுங்கள், தொப்பென்று விழாதீர்கள். சுவரில் கையூன்றித் தள்ளுவது இன்னொரு 10 இரண்டு தடவை. மே முதல் செப்ரெம்பர் வரை மழை வந்து நடையைக் குழப்பும் நாட்களில் அடுக்குமாடிப் படியோ ட்ரெட்மில்லோ அதே வேலையைச் செய்யும். மேலே சொன்ன பலன் கட்டடத்துக்குள் செய்த பயிற்சியில்தான் காணப்பட்டது. ஆகவே மழை நாளைக் கழிவுநாளாக எண்ண வேண்டாம்.

கதிரையிலிருந்து கையூன்றாமல் எழும்ப முடியவில்லை, படியேறத் தொடை இழுக்கவில்லை, இடுப்பெலும்பிலும் காலெலும்பிலும் அழுத்தினால் நோகிறது என்றால் பயிற்சியைக் கூட்டுவது பிழை. கடும் விற்றமின் டி குறைபாட்டில் எலும்பு மென்மையாகி, தோள் தொடைத் தசைகள் பலமிழக்கும். இதை "பழக்கமில்லாத உடம்பு, நடக்க நடக்கச் சரியாகும்" என்று விட்டுவிடுகிறார்கள். முதலில் வைத்தியரைப் பார்த்துக் குறைபாட்டைச் சரிசெய்யுங்கள், பிறகு நடையைக் கூட்டலாம். சீனி வியாதிக்கு இன்சுலினோ கிளிக்லசைட்டோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் விடிய நடந்தால் சீனி இறங்கலாம்; சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும், மருந்தளவு பற்றி முன்கூட்டியே கேளுங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுகினால் அந்த நடை அங்கேயே முடிகிறது.

சாப்பாடும் குளிசையும்

சாப்பாட்டில் விற்றமின் டி குறைவுதான். ஒரு முட்டை மஞ்சள் கருவில் ஏறக்குறைய 40 ஐ.யூ. (விற்றமினை அளக்கும் சர்வதேச அலகு), 100 கிராம் ரின் சாளையில் ஏறக்குறைய 200. சாளை, கும்பிளா போன்ற எண்ணெய்ப்பிடிப்பான மீன் கிழமையில் மூன்று நாள் சேர்ந்தால் நல்லது. பொரிக்காமல் குழம்பாக வைத்தால் நிறைக்கும் நல்லது. பால்மா வாங்கும்போது விற்றமின் டி சேர்த்ததா என்று பைக்கற்றின் பின்பக்கம் பாருங்கள். சைவக்காரர்கள் காளானைத் துண்டாக்கிப் பத்து மணிக்குப் பிறகு வெயிலில் ஒரு மணி நேரம் காட்டிச் சமைத்தால் அதில் விற்றமின் டி2 உண்டாகும்.

வயது வந்தவர்களுக்கு நாளுக்கு 600 ஐ.யூ., 70 வயதுக்கு மேல் 800 என்பது பொதுப் பரிந்துரை. உடற்பருமன் உள்ளவர்களுக்கு இரண்டு முதல் மூன்று மடங்கு தேவைப்படலாம் என்று 2011ஆம் ஆண்டின் வழிகாட்டி சொன்னது. அமெரிக்காவின் வைட்டல் ஆய்விலும், நாளுக்கு 2000 ஐ.யூ. எடுத்தவர்களில் பிஎம்ஐ கூடக்கூட இரத்தத்தில் ஏற்றம் சிறிதாகவே இருந்தது. பக்கத்து வீட்டு ஒல்லியானவருக்கு 1000 ஐ.யூ. போதுமானதாக இருந்திருக்கலாம், உங்களுக்கு அது போதாமல் போகலாம். வைத்தியர் சொல்லாமல் நாளுக்கு 4000ஐத் தாண்டக் கூடாது. 50,000 ஐ.யூ. குளிசை கிழமைக்கு ஒன்று. அதை நாளுக்கு ஒன்றாக விழுங்கி, இரத்தத்தில் கல்சியம் ஏறி, வாந்தியும் மலச்சிக்கலும் தாகமுமாக ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உலகெங்கும் உண்டு. பாமசியில் உறையின் மேல் "கிழமைக்கு ஒன்று" என்று எழுதி வாங்குங்கள்.

வெறும் தேத்தண்ணீரோடு போட வேண்டாம். முட்டையோ மீனோ தேங்காய்ப்பாலோ உள்ள பெரிய சாப்பாட்டோடு எடுத்தால் உறிஞ்சல் நல்லது. மெலிவதற்கு ஓர்லிஸ்டற் எடுப்பவர்களுக்குக் கொழுப்போடு இந்த விற்றமினும் வெளியே போய்விடும். இரண்டுக்கும் இடையே குறைந்தது 2 மணி நேரம் விடவேண்டும், படுக்கைக்குப் போகும்போது விற்றமினை எடுப்பது வசதி. வலிப்புக்கு பெனிற்ரோயின் எடுப்பவர்களுக்கும் இரைப்பை அறுவைச் சிகிச்சை செய்தவர்களுக்கும் தேவை கூடும்.

இங்கே அடிக்கடி நடக்கும் குழப்பம் ஒன்று: அல்பாகல்சிடோல் 0.25 மைக்ரோகிராம் குளிசையை விற்றமின் டி என்று எண்ணி மாதக்கணக்கில் எடுத்துவிட்டு, ரிப்போர்ட் ஏறவில்லை என்று கவலைப்படுவது. அது சிறுநீரகத்தின் வேலையைத் தாண்டிப் போகும் மருந்து. சிறுநீரக நோய் போன்றவற்றுக்காகக் கொடுப்பது. 25-ஹைட்ரொக்சி அளவை அது ஏற்றாது. கையிருப்பை ஏற்ற வேண்டுமானால் உறையில் கொலிகல்சிஃபெரோல் என்ற பெயர் இருக்கவேண்டும்.

திரும்பப் பரிசோதிப்பதற்கு 3 மாதம் பொறுங்கள். 25-ஹைட்ரொக்சி வடிவம் இரத்தத்தில் பாதியாகக் குறைய 2, 3 கிழமை எடுப்பதால், புதிய அளவில் நிலைகொள்ள அவ்வளவு காலம் வேண்டும். ஒரு மாதத்தில் எடுத்த ரிப்போர்ட் பாதிவழிப் படம். அதே ஆய்வுகூடத்தில், அதே அலகில் எடுங்கள். முறை மாறினால் எண்ணும் மாறும். காய்ச்சலோ தொற்றோ இருக்கும்போது எடுத்தால் அளவு குறைத்துக் காட்டும். தலைமுடிக்கென்று விற்கப்படும் பயோட்டின் குளிசையைக் கூடிய அளவில் எடுப்பவர்களுக்கு, சில இயந்திரங்களில் விற்றமின் டி பொய்யாகக் கூட்டிக் காட்டும். இரத்தம் கொடுக்க 3 நாள் முன்பே அதை நிறுத்தி, ஆய்வுகூடத்திலும் சொல்லுங்கள். 1,25-டைஹைட்ரொக்சி பரிசோதனையைத் தவறுதலாகக் கேட்டுவிடாதீர்கள். பயிற்சியால் அது நிலைத்தது என்று படித்துவிட்டு அதை அளந்து பார்க்க ஆசை வரலாம். ஆனால் குறைபாடு உள்ளவருக்கும் அது சாதாரண எண்ணாகவே வரக்கூடும் என்பதால், குறைபாட்டைக் கண்டுபிடிக்க அது உதவாது.

சிறுநீரகக் கல் வந்தவர்கள், சார்கொய்டோசிஸ் உள்ளவர்கள், பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதையசைட் எடுப்பவர்கள் கல்சியமும் விற்றமின் டியும் சேர்ந்த குளிசையைத் தாங்களாகவே தொடங்க வேண்டாம். இவர்களுக்குக் கல்சியம் ஏறும் ஆபத்துக் கூட. முதலில் இரத்தக் கல்சியமும் கிரியேட்டினினும் பார்த்துவிட்டு அளவைத் தீர்மானிப்பது வைத்தியரின் வேலை. நடைக்கு அந்தத் தடை இல்லை. தண்ணீர்ப் போத்தலைக் கையில் எடுத்துக்கொண்டு நாளைக்கே தொடங்கலாம்.